நிற்கும் நாற்காலியில் ஒரு மணி நேரம்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பெண் கேட்டு வரப்போகிறவர்கள் அறுபது பேர். அவர்களைப் பற்றி ஷுரூக் கவலைப்படவில்லை. அவளுடைய கவலையெல்லாம் சித்தப்பா அபூ ராக்கானின் வலது கையைப் பற்றித்தான்.

அந்தக் கை இருபத்தெட்டு வருஷம் ராணுவப் பட்டறையில் லாரிகளுக்கு ஜாக்கி போட்ட கை. தூக்குவதில் அதற்கு இணை கிடையாது. இறக்குவதில்தான் கோளாறு. வால்வைத் திறந்தால் ஒரேயடியாகத் திறந்துதான் அதற்குப் பழக்கம். லாரி தொப்பென்று தரையில் உட்கார்ந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஷுரூக்கின் அண்ணன் ஹாயில் அப்படி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்த வீடு ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டது.

ஹாயிலுக்கு வயது முப்பத்தாறு. தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும் நோய். பத்தொன்பது வயதில், மலைச்சரிவில் இருக்கும் ஸல்த் நகரத்துப் படிக்கட்டுகளில் ஓடித் திரிந்தவன் கைப்பிடிச் சுவரைத் தேட ஆரம்பித்தான். இருபத்தெட்டில் சக்கர நாற்காலி. அவனுடைய அப்பாவும் அம்மாவும் அண்ணன் தம்பி பிள்ளைகள். இரண்டு பக்கமும் சத்தம் காட்டாமல் ஒளிந்திருந்த நோய் அவனிடம் வந்து வெளிப்பட்டது. ஏழு வயது இளையவளான ஷுரூக்கை அது தொடவில்லை. அப்பா போய்ப் பத்து வருஷம், அம்மா போய் இரண்டு வருஷம். இப்போது அந்த வீட்டில் இருப்பது இவர்கள் இருவர்தான். சித்தப்பா வீடு நாற்பது படி கீழே.

அம்மா இறந்தபோது துக்கம் கேட்க வருகிறவர்களுக்குக் கைகொடுக்கும் ஆண்களின் வரிசையில் ஹாயில் சக்கர நாற்காலியில் இருந்தான். மூத்த மகன், முதலில் நிற்க வேண்டியவன். வந்தவர்கள் எல்லாரும் குனிந்து குனிந்து அவனுக்கு முத்தம் கொடுத்தார்கள். பாதிப் பேர் தலையைத் தடவிவிட்டும் போனார்கள். அன்று இரவு அவன் தங்கையிடம் அழவில்லை, புலம்பவும் இல்லை. "முப்பத்துநாலு வயசு ஆம்பளை தலையைத் தடவுறாங்க ஷுரூக். அடுத்த தடவை மிட்டாயும் குடுப்பாங்க போல" என்று மட்டும் சொன்னான்.

அடுத்த மாதமே தலைநகரத்து மறுவாழ்வு மையத்திலிருந்து பழைய நிற்கும் நாற்காலி ஒன்று வந்து சேர்ந்தது. பார்த்தால் சாதாரண நாற்காலிதான். பாதத்துக்கு ஒரு பலகை, குதிகாலுக்கு ஆப்பு, முழங்காலுக்கு முன்னால் இரண்டு மெத்தைகள், நெஞ்சுக்கு ஒரு பட்டை, கை ஊன்ற முன்னால் ஒரு தட்டு. பக்கத்தில் இருக்கும் நெம்புகோலை ஒருவர் அடிக்க அடிக்க, இருக்கை பின்பக்கத்தைத் தாங்கிக்கொண்டே எழும்பும். உட்கார்ந்திருந்தவன் நின்றிருப்பான். கீழே உள்ள வால்வைத் திறந்தால் இறங்கும். சித்தப்பா வந்து அதை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, "அட, இது ஜாக்கிதானே" என்றார். அன்றிலிருந்து வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

மையத்திலிருந்து வந்த லாமியா அம்மாள் முதல் நாளே உண்மையைச் சொல்லிவிட்டார். "இது நோயைக் குணப்படுத்தாது தம்பி. இடுப்பு, முட்டி, கணுக்கால் எல்லாம் மடங்கி இறுகிப் போகாம கொஞ்ச காலம் பிடிச்சு வைக்கும். மூச்சு நல்லா இறங்கும், வயிறு ஒழுங்கா இருக்கும். தினமும் நிக்கணும். விட்டா, விட்ட இடத்துலேருந்து ஆரம்பிக்க முடியாது." ஹாயில் கேட்டது ஒரே கேள்வி: "நின்னா நான் எவ்வளவு உசரம்?" யாருக்கும் தெரியவில்லை. ஆறு வருஷமாக அவனை யாரும் நிற்க வைத்து அளக்கவில்லை.

முதல் நாள் பாதி உயரத்திலேயே கண் இருட்டிவிட்டது. மூன்று நிமிஷம். மறுநாளும் மூன்று நிமிஷம். பத்தாம் நாள் ஐந்து. காலை ஆறு மணிக்கு ஷுரூக் எழுந்து அவனை ஏற்றுவாள், பாதியில் நிறுத்தி ரத்தம் நிலைக்கும்வரை பேச்சுக் கொடுப்பாள், பிறகு முழுசாக. பெருநாள் அன்றும் நின்றான். காய்ச்சலில் லாமியா அம்மாள் தடுத்த நாட்கள் தவிர ஒரு நாளும் தானாக விட்டதில்லை. கணினி வழியாகப் பரீட்சைப் பிள்ளைகளுக்கு அவன் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறான். முன்னால் உள்ள தட்டில் கணினியை வைத்துக்கொண்டு நின்றபடியே புவியீர்ப்பு பாடம் நடத்துவான். புவியீர்ப்பைப் பற்றி அவனைவிட அதிகம் தெரிந்தவன் அந்த மாகாணத்திலேயே கிடையாது. அது தன்னை என்றைக்காவது ஜெயிக்கத்தான் போகிறது என்றும் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் தினமும் காலையில் போய் அதன் எதிரே நிற்கிறானே, அதைப் பார்த்துப் பார்த்து ஷுரூக்குக்கு இரண்டு வருஷமாகியும் வியப்பு அடங்கவில்லை. இப்போது அவன் எல்லை ஒரு மணி நேரம்.

இந்த நிலையில்தான் கரக் ஊரிலிருந்து முன்திரின் சம்பந்தம் வந்தது. ஷுரூக் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குச் சரக்கு கொண்டுவருபவன். நல்லவன். அவள் சொல்வதற்கு முன்பே தன் ரத்தத்தில் இந்த நோய் ஒளிந்திருக்கிறதா என்று சோதித்துக் காகிதத்தோடு வந்தவன். அவளுக்கும் பிடித்திருந்தது. ஏற்கெனவே இரண்டு பேரை அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். காரணம் ஊருக்கே தெரியும்: அவள் போய்விட்டால் ஹாயிலை யார் ஏற்றி இறக்குவார்கள்?

"நான் பண்றேன்" என்றார் சித்தப்பா. "நாப்பது டன் தூக்கின கை இது. இவன் என்ன, அம்பது கிலோ."

குரங்கு கையில் பூமாலை கொடுத்த கதையாகிவிட்டது. முதல் தடவையே வால்வை முழுசாகத் திறந்தார். ஹாயில் கோதுமை மூட்டையைப் போல விழுந்தான். ஆப்பிலிருந்து குதிகால் விலகி இடது கணுக்கால் பிசகிக்கொண்டது. ஒன்பது நாள் நிற்க முடியவில்லை. பத்தாம் நாள் இருபது நிமிஷத்திலேயே முட்டி கெஞ்சியது. மூன்று மாதத்துச் சம்பாத்தியம் ஒன்பது நாளில் கரைந்துபோனது. ஷுரூக் கரக்குக்கு வேண்டாம் என்று தகவல் சொல்லத் தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டாள். சித்தப்பா மறுநாள் விடியற்காலையில் நாற்பது படி ஏறி வந்து வாசலில் நின்றார். அவர் வாழ்நாளில் யாரிடமும் கேட்காததை அன்றைக்குக் கேட்டார்.

"கத்துக்குடு."

அதற்குப் பிறகு மூன்று மாதம், தினமும் ஆறு மணிக்கு வந்தார். ஹாயிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் ஒரு மணி நேரத்துக்குத் திரும்பினான்.

"சித்தப்பா, இறக்கும்போது முதல்ல என்ன?"

"வால்வு. கால்வாசித் திருப்பு. சீறுற சத்தம் பூனை மூச்சு மாதிரி இருக்கணும்."

"அப்புறம்?"

"பாதியில நிறுத்தணும். குதிகால் பதிஞ்சிருக்கான்னு கை வச்சுப் பாக்கணும். கண்ணால பாத்தா போதாது."

"நேத்து பாத்தீங்களா?"

"நேத்து மறந்துட்டேன். லாரிக்கு இதெல்லாம்..."

"லாரிக்குக் குதிகால் கிடையாது சித்தப்பா."

"லாரி திட்டவும் திட்டாது" என்றான் ஹாயில் மேலேயிருந்து. "நான் திட்டுவேன். நினைவு வச்சுக்கங்க."

ஏற்றுவதில் அவர் தேறிவிட்டார். இறக்கும்போது பாதியில் நிறுத்துவதைத்தான் நாலுக்கு ஒரு நாள் மறந்துபோவார். அப்போதெல்லாம் ஷுரூக்கின் கை குறுக்கே போய் வால்வை மூடும்.

பெண் கேட்டு வரும் கூட்டத்துக்கு யார் பதில் சொல்வது என்று பேச்சு வந்தது. வந்தவர்களின் பெரியவர் நின்று கேட்பார், பெண் வீட்டுக்காரர் நின்று பதில் சொல்ல வேண்டும். அதுதான் முறை. "நான் சொல்றேன், நீ உள்ள இரு" என்றார் சித்தப்பா, நல்ல மனசோடுதான். "அப்பா இல்லாத வீட்டுல பதில் சொல்ல வேண்டியவன் நான். நின்னுதான் சொல்வேன்" என்றான் ஹாயில். சித்தப்பா ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு விஷயத்தில் விடாப்பிடியாக இருந்தார். கரக்கிலிருந்து வருகிறவர்களில் முன்திரைத் தவிர யாருக்கும் ஹாயிலைத் தெரியாது. பட்டையும் மெத்தையுமாக அவர்கள் பார்க்க வேண்டாம். முன் தட்டைக் கழற்றிவிட்டு, தோளிலிருந்து பாதம்வரை ஒட்டக ரோம மேலங்கியைப் போர்த்திவிடுவது என்று முடிவாயிற்று.

"தட்டு இல்லாம கை ரெண்டும் தொங்கும். சீக்கிரம் களைச்சுப் போவான்" என்றாள் ஷுரூக்.

"ஒரு நாள்தானே" என்றான் ஹாயில். "சித்தப்பா ஆசையும் நிறைவேறட்டும்."

அப்போதுதான் ஷுரூக் தன் நிபந்தனையைச் சொன்னாள். "வெள்ளிக்கிழமை நீங்களே ஏத்தி நீங்களே இறக்கணும் சித்தப்பா. நான் சமையலறைக் கதவைத் தாண்ட மாட்டேன். தாண்ட வேண்டி வந்துச்சுன்னா அன்னைக்கே கரக்குக்கு இல்லைன்னு சொல்லிடுங்க."

"நடுவுல நான் ஒருத்தன் இருக்கேன். என்னை யாரும் கேக்கல" என்றான் ஹாயில்.

"நீ சும்மா இரு" என்றார்கள் இருவரும்.

வெள்ளிக்கிழமை வந்தது. திராட்சைப் பந்தலுக்குக் கீழே முற்றத்தில் வாடகை நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். பெண்கள் சமையலறையில். ஷுரூக் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது சித்தி வந்து சொன்னாள்:

"உங்க சித்தப்பா நாலரைக்கே ஏத்திட்டாரும்மா."

"இப்பவேயா? அஞ்சு மணின்னா அவங்க அஞ்சு மணிக்கா வருவாங்க?"

"சொன்னா சொன்ன நேரம்னாரு. பட்டாளத்துக்காரர்கிட்ட யார் பேசறது?"

கதவு இடுக்கு வழியாக ஷுரூக் பார்த்தாள். பந்தலின் தலைமாட்டில் ஹாயில் நின்றிருந்தான். மேலங்கிக்குள் எந்தப் பட்டையும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற சித்தப்பாவைவிட அவன் நான்கு விரல் உயரமாக இருந்தான். அப்பாவின் உயரம் அது. தினமும் தானே ஏற்றியும், பட்டைகளையும் திருகுகளையும் கவனித்த அவசரத்தில் அவள் இதைக் கவனித்ததே இல்லை.

கரக்கிலிருந்து வந்தவர்கள் தெருவிலிருந்து அறுபத்திரண்டு படியையும் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு முற்றத்துக்குள் நுழைந்தபோது ஐந்தே கால். நாற்பத்தைந்து நிமிஷம் ஆகிவிட்டிருந்தது. முன்னால் வந்தவர் ஹாஜ் துர்கி, முன்திரின் பெரியப்பா, எண்பது வயது. கைத்தடியை ஒரு பக்கமும் பேரனின் தோளை ஒரு பக்கமும் பிடித்திருந்தார். நேரே ஹாயிலிடம் வந்து, நின்றபடியே தோளோடு தோள் சேர்த்துக் கன்னத்தில் முத்தமிட்டார். அவருக்குப் பின்னால் ஒருவர் பின் ஒருவராக எல்லாரும். ஒருவர்கூடக் குனியவில்லை. ஒருவர்கூடத் தலையைத் தடவவில்லை. ஷுரூக் இடுக்கில் கண் வைத்தபடியே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"உட்காருங்க, இது உங்க வீடு" என்றான் ஹாயில்.

யாரும் உட்காரவில்லை.

"நீங்க உட்காருங்க முதல்ல" என்றார் ஹாஜ்.

"நான் நிக்கிறேன் ஹாஜ், நீங்க உட்காருங்க."

"வீட்டுத் தலைவர் நிக்கும்போது நாங்க உட்காருறதா? எங்க ஊர்ல கேட்டா கைகொட்டிச் சிரிப்பாங்க. அல்லாஹ் மேல ஆணை, நீங்க உட்காராம நான் உட்கார மாட்டேன்."

சித்தப்பாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர்கள் மூன்று பேர், மூன்று மாதம் குதிகாலையும் வால்வையும் பற்றியே யோசித்தவர்கள், நிற்கிற வீட்டுக்காரருக்கு முன்னால் எந்த விருந்தாளியும் உட்கார மாட்டார் என்பதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கவில்லை. இரண்டு வருஷமாக ஹாயில் நின்றது தங்கைக்கும் கணினித் திரைக்கும் முன்னால்தான். ஆணையிட்டுச் சொல்லிவிட்ட எண்பது வயதுக்காரரை இனி வானத்து மலக்குகள் இறங்கி வந்தாலும் உட்கார வைக்க முடியாது. இறக்கினால் மேலங்கி ஒதுங்கும், எல்லாம் தெரிந்துவிடும்.

காப்பி வந்தது. ஹாஜ் துர்கிக்கு ஊற்றிய கிண்ணத்தை அவர் வாங்கி, குடிக்காமல் முன்னால் இருந்த சின்ன மேசையில் வைத்தார். கேட்டு வந்தது கிடைக்கும்வரை அந்தக் காப்பியை அவர் தொட மாட்டார். பெண் கொடுத்தோம் என்ற பதில் வந்த பிறகுதான் குடிப்பார். அதுவும் முறைதான்.

"ஸல்த் ஊர்க்காரங்க விருந்தாளிக்காக எழுந்து நிப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்று ஹாஜ் ஆரம்பித்தார். "இப்படிச் சிலை மாதிரி, அசையாம, கடைசி ஆள் வர்ற வரைக்கும் நிக்கிறதை இன்னைக்குத்தான் பாக்குறேன். இந்த மரியாதைக்கு நானும் மரியாதை செய்யணும்."

செய்தார். நிதானமாகச் செய்தார். கரக்குக்கும் ஸல்த்துக்கும் இருந்த பழைய உறவுகள், முன்திரின் பாட்டனார் யாருக்கு எந்தப் பஞ்சத்தில் கோதுமை கொடுத்தார், யார் யாரைக் கட்டினார்கள், யாருக்கு யார் மாமன். பின்னால் நின்றவர்கள் காலை மாற்றி மாற்றி ஊன்றினார்கள். ஹாஜின் கைத்தடி நடுங்கியது. ஆனால் பேச்சு நடுங்கவில்லை. பேச்சில் ஆசை உள்ள மனிதர்.

சமையலறைக் கடிகாரத்தில் ஐந்து இருபத்தைந்து. ஐந்து இருபத்தெட்டு. ஐந்தரை.

ஷுரூக் கடிகாரத்தை விட்டுவிட்டு அண்ணனின் தலையைப் பார்க்க ஆரம்பித்தாள். களைத்துவிட்டால் முதலில் அவன் தலை வலது பக்கம் இலேசாகச் சாயும். அப்புறம் உதடு வெளிறும். அதற்கப்புறம் அவன் பேசுகிற வாக்கியம் முடியாது, பாதியில் நிற்கும். கை ஊன்றத் தட்டும் இல்லை. ஐந்து முப்பத்துமூன்றுக்குத் தலை சாய்ந்தது. சித்தப்பா பக்கத்திலேயேதான் நின்றார். ஆனால் பார்வை முழுக்க விருந்தாளிகள் மேல்.

"சித்தப்பா, திரும்பிப் பாருங்க" என்று ஷுரூக் முணுமுணுத்தாள். அவளுடைய கை தாழ்ப்பாளில் இருந்தது.

சித்தி அவள் முழங்கையைப் பிடித்தாள். "பைத்தியமா? அறுபது ஆம்பளைங்க. கேட்டு வந்தவங்க முன்னால பொண்ணு போய் நின்னா எல்லாம் போச்சு."

"போகட்டும். அண்ணன் போயிட்டா?"

"நீயே போட்ட நிபந்தனைடி."

அதுதான் அவளை ஒரு கணம் நிறுத்தியது. முன்திரின் முகம் கூட்டத்தின் ஓரத்தில் தெரிந்தது. அவனும் ஹாயிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், கலவரத்தோடு. ஷுரூக் தாழ்ப்பாளை மேலே தூக்கினாள்.

"ஹாஜ்" என்றான் ஹாயில்.

குரல் மெல்லியதாக இருந்தது. ஆனால் நடுங்கவில்லை. பெரியவர் பேச்சை நிறுத்தினார். பெண் கேட்க வந்த பெரியவரை இடைமறிப்பது இந்தப் பக்கத்தில் யாரும் செய்கிற காரியம் இல்லை.

"நீங்க பேசுறது தேன் மாதிரி இருக்கு. இடையில புகுந்ததுக்கு மன்னிக்கணும். நீங்க எனக்காக நிக்கிறீங்க. நான் நிக்கலை ஹாஜ், என்னை நிறுத்தி வச்சிருக்காங்க. சித்தப்பா, மேலங்கியை எடுங்க."

சித்தப்பா அசையவில்லை.

"எடுங்க சித்தப்பா. மூடி வைக்கிற அளவுக்கு நாம ஒண்ணும் திருடலை."

மேலங்கி விலகியது. நெஞ்சுப் பட்டை, முழங்கால் மெத்தைகள், பாதத்துப் பட்டைகள், பக்கத்தில் நெம்புகோல்.

"முட்டிக்கு மெத்தை, முதுகுக்குப் பலகை, நெஞ்சுக்குப் பட்டை" என்றான் ஹாயில். ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சு எடுத்துக்கொண்டான். "இந்த முற்றத்துல வசதியா நிக்கிறது நான் ஒருத்தன்தான். உங்களைப் பாத்தாத்தான் பாவமா இருக்கு."

முதலில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும். ஹாஜ் துர்கி சிரிக்கவில்லை. கைத்தடியின் மேல் குனிந்து, அந்த நாற்காலியை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி நிக்கிறே, மகனே?"

"ரெண்டு வருஷமா. தினமும்."

"எதுக்கு?"

"நிக்கிற வரைக்கும் நிக்கலாம்னு."

ஹாஜ் தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? நம்ம ஊர்ல ரெண்டு காலும் நல்லா இருக்கிறவன் பத்து மணிக்குத்தான் படுக்கையை விட்டு எழுந்திரிக்கிறான்." பிறகு ஹாயிலிடம், மிகவும் சீரியஸாக, "இதுல ரெண்டாவது ஒண்ணு கிடைக்குமா? என் முட்டி ரெண்டும் செத்துப் போச்சு."

"கிடைச்சா உங்களுக்குத்தான்" என்றான் ஹாயில். உதடு வெளிறியிருந்தது. "இப்போ என் பதில். நான் நின்னு சொல்லணும்னு ஆசைப்பட்டது. முன்திரை எங்களுக்குப் பிடிச்சிருக்கு. என் தரப்புல சம்மதம். ஆனா பொண்ணோட வார்த்தை அந்தக் கதவுக்குப் பின்னால இருக்கு. அது வர்ற வரைக்கும் உங்க காப்பி..."

வாக்கியம் பாதியில் நின்றது.

ஷுரூக்கின் கை கதவைத் தள்ளப்போனது. அதற்குள் சித்தப்பா திரும்பிப் பார்த்துவிட்டார்.

அபூ ராக்கான் என்ற அந்த மனிதர் மசூதியில் தவிர வேறெங்கும் மண்டியிட்டு யாரும் பார்த்ததில்லை. இஸ்திரி போட்ட வெள்ளை அங்கியோடு, கரக்கின் அறுபது பேர் பார்க்க, அண்ணன் மகனின் காலடியில் மண்டியிட்டார். ஒரு கையை ஹாயிலின் நெஞ்சுப் பட்டை மேல் வைத்தார். இன்னொரு கை வால்வுக்குப் போனது. ஷுரூக் கண்ணை மூடிக்கொண்டாள். பார்க்க முடியவில்லை, கேட்க மட்டும் முடிந்தது. பூனை மூச்சு. அதற்கு மேல் இல்லை.

"நிறுத்துங்க" என்று அவள் தனக்குள் சொன்னாள். "பாதியில நிறுத்துங்க சித்தப்பா."

சீறல் ஓடிக்கொண்டே இருந்தது. இன்னும் ஓடியது. பிறகு நின்றது.

கண்ணைத் திறந்தாள். ஹாயில் பாதி உயரத்தில் இருந்தான். அவனைச் சுற்றி அறுபது பேரும் பாதி உயரத்தில் இருந்தார்கள். வீட்டுக்காரர் உட்காரத் தொடங்கியதும் அவர்களும் உட்காரத் தொடங்கியிருந்தார்கள். அவரை முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. அவன் பாதியில் நின்றுவிட்டதும் அத்தனை பேரும் நாற்காலிக்கு மேலே அந்தரத்தில், முட்டி மடங்கி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். ஹாஜ் துர்கியை இரண்டு பேர் கக்கத்தில் தாங்கியிருந்தார்கள்.

"ஏம்ப்பா நிறுத்திட்டே?" என்றார் ஹாஜ், பல்லைக் கடித்துக்கொண்டு.

"குதிகால் பாக்கணும்" என்றார் சித்தப்பா, தலையைத் தூக்காமல்.

"யாரோடது?"

"இவனோடது. பொறுங்க."

"பொறுக்குறோம். நிதானமா பாரு."

சித்தப்பா கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்தார். இடது குதிகால். வலது குதிகால். வலதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு மறுபடி பூனை மூச்சு. ஹாயில் இறங்கினான். அவனோடு கரக்கும் ஸல்த்தும் இறங்கின. நாற்காலிகள் ஒரே சமயத்தில் கிரீச்சிட்டன. முற்றமே பெருமூச்சு விட்டது. ஹாயிலின் தலை நேரானது. உதட்டில் நிறம் வந்தது. "...காத்திருக்கட்டும்" என்று அவன் வாக்கியத்தை முடித்து வைத்தான். ஹாஜ் துர்கி எட்டி அவன் கையை எடுத்து, தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். சமமான உயரத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு வீட்டுத் தலைவர்கள்.

ஷுரூக் தாழ்ப்பாளை விட்டாள். சந்தோஷம்தான், நெஞ்சு முட்டச் சந்தோஷம். அதோடு கூடவே ஒரு வலியும் வந்தது, அதையும் மறைத்துப் பயனில்லை. அவள் கை படாமல் அண்ணன் பத்திரமாக இறங்கிவிட்டான். இதைத்தான் அவள் மூன்று மாதமாக வேண்டிக்கொண்டிருந்தாள். நடந்த பிறகு கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சித்தப்பா கதவுக்கு வந்தார். வெள்ளை அங்கியில் முட்டிக்கு முட்டி மண். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

"வலது குதிகால் தூக்கிட்டிருந்துச்சு" என்றார், கதவு இடுக்கில் வாய் வைத்து. "பதிய வச்சேன்."

"நெஞ்சுப் பட்டை?"

"கடைசியாத்தான் கழட்டினேன்."

"முட்டி மெத்தை?"

"அதுக்கு முன்னால." அவர் காத்திருந்தார். அவளிடம் வேறு கேள்வி இல்லை. "எல்லாரும் பாத்துட்டிருக்காங்கம்மா. என்ன சொல்லட்டும்?"

"காப்பியைக் குடிக்கச் சொல்லுங்க, சித்தப்பா."

சித்தி குலவையிட வாயில் கை வைத்துவிட்டாள். சித்தப்பா திரும்பி இரண்டு எட்டு நடந்தார். பிறகு என்ன தோன்றியதோ, மறுபடி கதவுக்கு வந்தார்.

"நாளைக்குக் காலையில நானே வந்து அவனை ஏத்திடறேன்" என்றார். "நீ தூங்கு."

இரண்டு வருஷத்தில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. பெண்கள் எல்லாரும் குலவையிட்டுக்கொண்டிருக்க, ஷுரூக் நின்ற இடத்திலேயே அழுதாள்.